கிராங்க் போல்ட் கழலவில்லை என்றால் செலவு யாருடையது?

கேள்வி: அப்பச்சி 2009-ல் வாங்கிய சான்ட்ரோ எங்கள் தேவகோட்டை வீட்டில் நிற்கிறது. டைமிங் பெல்ட் மாற்ற காரைக்குடியில் ஒரு பட்டறையில் விட்டேன். கிராங்க் புல்லி போல்ட் இரண்டு நாளாகக் கழலவில்லையாம். கேஸ் வைத்துச் சூடு காட்ட வேண்டும், அதற்குத் தனியாக 1,500 ரூபாய், போல்ட் உடைந்தால் என் பொறுப்பு என்கிறார் மெக்கானிக். சம்மதிக்கலாமா?
– தேவகோட்டை வாசகி

பதில்: வேண்டாம். இன்றே போன் செய்து, நீங்கள் நேரில் வரும்வரை போல்டில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கிராங்க் என்பது பிஸ்டன்கள் சுழற்றும் இன்ஜின் தண்டு, புல்லி அதன் நுனியில் இருக்கும் சக்கரம். வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தவறாமல் இயக்கும் பட்டையான டைமிங் பெல்டை மாற்ற அந்தப் புல்லியைக் கழற்ற வேண்டும். அதன் போல்ட் கழலாமல் முரண்டு பிடிப்பது உங்கள் காரின் கோளாறு இல்லை. இன்ஜின் ஓடும்போது ஒவ்வொரு வெடிப்புக்கும் கிராங்க் ஒரு உதறு உதறும். அதையெல்லாம் தாங்கி புல்லியை இறுக்கிப் பிடிக்க வேண்டியது இந்த ஒரே போல்ட். அதனால் கம்பெனியிலேயே நன்றாக முறுக்கித்தான் அனுப்புகிறார்கள். பல வருஷம் கழித்துக் கழற்றும்போது இன்னும் கூடுதல் பலம் கேட்கும். டைமிங் பெல்ட் வேலையை ஒத்துக்கொள்ளும் பட்டறைக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

பெரும்பாலும் சிக்கல் போல்டில் இருக்காது, பிடிப்பதில்தான் இருக்கும். பானாவை அழுத்தினால் கிராங்கும் கூடவே சுற்றும், போட்ட பலம் வீணாகும். மேனுவல் கியர் காரில் எளிய வழி, ஐந்தாம் கியரில் போட்டு ஒருவர் பிரேக்கை நன்றாக மிதித்துக்கொள்வது. முதல் கியர் உதவாது. அதில் கிராங்கின் முறுக்கு பல மடங்காகி சக்கரத்துக்குப் போவதால் பிரேக் தாங்காமல் போகலாம். இதைவிட நல்லது, ஃப்ளைவீல் (கிராங்கின் மறுமுனையில் இருக்கும் கனமான சக்கரம்) பல்லில் பூட்டுக்கருவி மாட்டுவது, அல்லது புல்லிக்கென்றே உள்ள பிடிகருவியால் எதிர்ப்பக்கம் பிடிப்பது. அப்புறம் ஆறுமுக பாக்ஸ் ஸ்பேனர், கனமான கைப்பிடி, அதில் ஒரு மீட்டர் பைப். மீட்டர் நுனியில் 20 கிலோ எடை கொடுத்தாலே ஏறக்குறைய 200 நியூட்டன் மீட்டர் முறுக்கு கிடைக்கும். நடுவில் நீளமான எக்ஸ்டென்ஷன் (இணைப்புக் கம்பி) போட்டால் அந்தக் கம்பி முறுகிக்கொடுக்கும், கூடியவரை தவிர்க்கச் சொல்லுங்கள். நல்ல இம்பாக்ட் கன் (தட்டித் தட்டிச் சுழற்றும் மெஷின்) இருந்தால் பல நேரம் சில நொடியில் வேலை முடிந்துவிடும். அது இல்லாத பட்டறை, இருக்கும் பட்டறையில் கொடுத்து இளக்கி வாங்கி வரட்டும். அது அவர்கள் செலவு.

சூட்டை நான் எதிர்ப்பதற்குக் காரணம் உண்டு. புல்லிக்குப் பின்னால் கிராங்க் ஆயில் சீல் இருக்கிறது, அது ரப்பர். சில புல்லிகளின் நடுவிலும் ரப்பர் வளையம் உண்டு. கேஸ் தீ பட்டால் இரண்டும் கெடும். 1,500 ரூபாய் கொடுத்து ஆயில் கசிவை வாங்கி வந்தது போல ஆகும். பைப்பைத் தரையில் முட்டுக்கொடுத்து, ஸ்டார்ட்டரை ஒரு தட்டு தட்டி இளக்குகிறவர்களும் உண்டு. பைப் நழுவினால் கால் போய்விடும், தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். டைமிங் மார்க்குக்காக (பெல்ட் சரியாக உட்கார்ந்ததைக் காட்டும் குறிகளைச் சேர்க்க) சொருகும் பூட்டு ஊசியை வைத்துக் கிராங்கைப் பிடிப்பதும் தவறு. ஊசி உடையும், சொருகிய இடமும் சேதமாகும். பெல்டைக் கழற்றும் முன்பே போல்டை இளக்கி, பிறகு மார்க் சேர்ப்பதே சரியான வரிசை.

பணத்துக்கு வருவோம். போல்ட் தானாக முறிந்தால் புது போல்டின் விலையைக் கொடுங்கள், அது நியாயம். உளி வைத்து அடித்தோ, தளர்ந்த ஸ்பேனர் போட்டோ தலையை உருட்டிவிட்டு, லேத் பட்டறைச் செலவை உங்கள் தலையில் கட்டினால் கொடுக்காதீர்கள். என் பழைய காருக்கும் இதே கதை நடந்தது. போல்ட் தலையை உளியால் மழுக்கி, துளையிட்டு எடுத்து, இரண்டு வேலைக்கும் சேர்த்து பில் போட்டார்கள். ஜாப் கார்டு (வேலையையும் கூலியையும் எழுதிய சீட்டு) கேட்டு வாங்காததால் என்னிடம் காட்ட எதுவும் இல்லை, முழுப் பணமும் கட்டினேன். அதனால்தான் சொல்கிறேன்: என்ன வேலை, எவ்வளவு கூலி, என்ன உதிரி பாகம் என்று இன்றே எழுதி வாங்குங்கள். போல்ட் தலையை போனில் படம் எடுத்து வையுங்கள், பழைய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள்.

பேசித் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பட்டறைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும்.

திரும்ப மாட்டும்போது இம்பாக்ட் கன்னால் இறுக்க விடாதீர்கள், டார்க் ரெஞ்ச் (இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் பானா) கேளுங்கள். தளர்வாக இருந்தால் புல்லி ஆடி, புல்லி வழுகாமல் பிடிக்கும் கிராங்கின் கீ பள்ளத்தையே தின்றுவிடும். ஸ்டார்ட் செய்யும் முன் கையால் கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி மார்க் சேர்கிறதா என்று உங்கள் எதிரில் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் சென்னையில். பள்ளத்தூர் வீட்டுக் கார் பொங்கலுக்கும் பிள்ளையார்பட்டி போகவும்தான் வெளியே வரும். கிலோமீட்டர் குறைவு. பெல்ட் மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டும். பெல்ட் ரப்பர், நின்றாலும் வயதாகும். காரின் கையேட்டில் கிலோமீட்டரோடு வருஷக் கணக்கும் போட்டிருந்தால், எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் முட்டி வளைந்துவிடும், அந்தச் செலவு பெல்ட் செலவைப் போலப் பல மடங்கு. எப்போது மாற்றினோம் என்றே தெரியாவிட்டால், டென்ஷனரையும் (பெல்டை விறைப்பாக வைக்கும் பாகம்) சேர்த்து மாற்றிவிட்டு, தேதியை எழுதி பானட்டுக்கு உள்பக்கம் ஒட்டி வையுங்கள்.