மேடையில் கை துணிக்குப் போகக் கூடாது

(பழைய வண்ணாரப்பேட்டையில் 26 வருடமாகத் தையல் கடை நடத்தும் அக்கா, உடை பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: கிண்டியில் ஒரு கம்பெனியில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. அடுத்த வாரம் முதல் தடவையாக 40 பேர் முன்னால் பிரசன்டேஷன் கொடுக்கப் போகிறேன். அம்மா பட்டுப் புடவை கட்டச் சொல்கிறார். கூட வேலை பார்ப்பவர்கள் பிளேசர் வாங்கு என்கிறார்கள். நான் தினமும் போடுவது சுடிதார்தான். கையில் 1,500 ரூபாய் இருக்கிறது. என்ன உடுத்தலாம் அக்கா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: சுடிதாரே போடும்மா. எந்தச் சுடிதார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் பிளேசரை ஓரம் கட்டிவிடுவோம். 1,500 ரூபாய்க்கு எம்.சி. ரோட்டில் தேடினால் கிடைக்காமல் போகாது. ஆனால் அந்த விலையில், நெஞ்சுப் பக்கம் விறைப்பாக நிற்க உள்ளே வைக்கிற கேன்வாஸ் துணியைத் தைத்திருக்க மாட்டார்கள், பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். நாலு தடவை தண்ணீரில் போட்டால் நெஞ்சுப் பக்கம் அப்பளம் மாதிரி கொப்பளித்துக்கொள்ளும். அதைவிடத் தொல்லை தோள். திரையைக் காட்டக் கையைத் தூக்கினால் கோட்டு மொத்தமும் கூடவே ஏறும். அளவெடுத்துத் தைத்தால் இந்த வம்பு குறையும். அந்தக் காசுக்கு ஒரு வாரத்தில் யாரும் தைத்துத் தர மாட்டார்கள், நானும்தான்.

அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மகள் வேலையில் நிமிர்ந்து நிற்கிறாள் என்பது நாலு பேர் கண்ணில் பட வேண்டும் என்று அவருக்கு ஆசை. புடவை பழகியிருந்தால் நானே கட்டச் சொல்வேன். வருடத்துக்கு இரண்டு கல்யாணத்துக்கு மட்டும் கட்டுகிறவள் அன்றைக்குக் கட்டினால் பாதி மனசு கொசுவத்தில்தான் இருக்கும்.

நான் பட்டதைச் சொல்கிறேன். சில வருடம் முன்பு, ஒரு கல்யாண மண்டபத்தில் சுயஉதவிக் குழுப் பெண்களுக்குத் தையல் தொழில் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். ஊருக்கெல்லாம் ரவிக்கை தைப்பவள், என் ரவிக்கையை முதல் நாள் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் முடித்தேன். காலையில் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. மேடையில் அளவு டேப்பை உயர்த்திக் காட்டினேன், டப்பென்று ஹூக் தெறித்தது. அப்புறம் பேசி முடிக்கும்வரை இடது கை முந்தானையை விடவே இல்லை. இறங்கி வந்ததும் ஒரு அம்மா கேட்டார்: "தோள்பட்டைல வலியா அக்கா?" நான் பேசியதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அன்றிலிருந்து கடையில் ட்ரையல் பார்க்கிறவர்களிடம் நான் கவனிப்பது, போட்ட பிறகு கை துணிக்குப் போகிறதா என்பதைத்தான். கழுத்தை இழுத்துவிடுவது, துப்பட்டாவை ஏற்றிவிடுவது, டாப்ஸைக் கீழே இழுப்பது. உன்னிடம் இருப்பதில் மூன்று டாப்ஸை எடுத்து வை. ஒவ்வொன்றையும் போட்டுக்கொண்டு சுவரில் உயரத்தில் மாட்டிய காலண்டரைத் தொடு, கீழே கிடக்கும் பேனாவை எடு, பத்து நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திரு. பின்பக்கம் எவ்வளவு கசங்கியிருக்கிறது என்று அம்மாவையே பார்க்கச் சொல். புடவை போச்சே என்ற வருத்தமும் அவருக்குக் கொஞ்சம் குறையும். கை ஒரு தடவைகூடப் போகாத டாப்ஸ் எதுவோ, அதை எடுத்துக்கொள்.

வெளிர் நீலமும் சாம்பலும் வேண்டாம், அக்குள் ஈரத்தைப் படம் போட்டுக் காட்டிவிடும். வெள்ளையில் ஈரம் அவ்வளவாகத் தெரியாது, ஆனால் புரொஜெக்டர் வெளிச்சத்துக்குள் ஒரு அடி வைத்தால் உன் சார்ட் உன் மேலேயே விழும். கருநீலம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போடு.

அப்புறம், மைக். யாரும் இதை முன்கூட்டிக் கேட்பதே இல்லை. கையில் பிடிக்கிற மைக்கா, துணியில் குத்துகிற மைக்கா என்று ஆபீஸில் கேட்டுவிடு. குத்துகிறது என்றால், மெல்லிய துணியில் வட்டக் கழுத்து அந்தக் கனத்துக்கே தொங்கிப்போய் மைக் தரையைப் பார்க்கும். பட்டன் பட்டி வைத்த கழுத்து தாங்கும். அதோடு ஒரு சின்னப் பெட்டியும் தருவார்கள். நாடா கட்டிய பேன்ட்டில் அதைச் செருகினால், பேசப் பேசப் பேன்ட் இறங்குகிறதோ என்ற பயம் வந்துவிடும். டாப்ஸின் பக்கத் தையலை ஆறு அங்குலம் பிரித்து உள்ளே ஒரு பாக்கெட் வைக்கச் சொல், உங்கள் தெரு டெய்லருக்கு அது அரை மணி வேலை. மைக் மேல் துப்பட்டா உரசினால் ஹால் முழுக்கச் சரசரவென்று கேட்கும். ஐடி கார்டு இடித்தால் டக் டக். கண்ணாடி வளையலையும் அன்றைக்கு வீட்டில் விடு. துப்பட்டா இல்லாமல் போக மனசு வரவில்லையென்றால் மடித்து இடது தோளில் இரண்டு பின் குத்தி, திரையை வலது கையால் காட்டு.

தையல் கூலி போக மிச்சப் பணத்தில் செருப்பு வாங்கு. இன்றைக்கே வாங்கி, இந்த வாரம் முழுக்கப் போட்டு நட, புதுசு கடிக்காமல் விடாது. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் கிண்டிவரை ஒரே ரயில், எங்கும் மாற வேண்டாம். அன்றைக்கு மட்டும் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே போ, உட்கார்ந்தால் டாப்ஸ் கசங்கும்.

கேள்வி: வீட்டிலிருந்தே ஆன்லைனில் பேச வேண்டும். மெல்லிய கோடு போட்ட சட்டைதான் நன்றாக இருக்கிறது. போடலாமா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: நெருக்கமான கோடும் பொடிக்கட்டமும் கேமராவில் புழு நெளிகிற மாதிரி தெரியும். ஒரே நிறச் சட்டை போடுங்கள். சுவர் பிஸ்தா பச்சை என்றால் சட்டை பச்சை வேண்டாம், தலை மட்டும்தான் மிஞ்சும்.

கேள்வி: எனக்கு வயது 52. கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். வேலையிடப் பாதுகாப்பு பற்றி அதிகாரிகள் முன் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கோட்டு, டை பழக்கமில்லை. வீட்டில் கைத்தறிச் சட்டை ஒன்று வாங்கித் தந்திருக்கிறார்கள். நண்பர் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்.
– வாசகர், காலாடிப்பேட்டை

பதில்: அண்ணே, காலாடிப்பேட்டைக்காரர் கைத்தறி போடலாமா என்று கேட்கலாமா? 1717 முதல் 1720 வரை இங்கே சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடிவைத்த இடம் உங்கள் பேட்டை. காலெட்பேட்டைதான் நம் வாயில் புரண்டு காலாடிப்பேட்டை ஆனது. எங்கள் பேட்டையும் கிழக்கிந்தியக் கம்பெனித் துணியை வெளுத்தவர்கள் பெயரில்தான் நிற்கிறது. சிரிக்கிற நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

சட்டையை ஒரு தடவை அலசிவிட்டுப் போட்டுப் பாருங்கள். புதுக் கைத்தறி கொஞ்சம் சுருங்கும். காலர் பட்டனைப் போட்ட பிறகும் இரண்டு விரல் உள்ளே போக வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் பைக்கில் போகிறவர் என்றால், லாரிப் புழுதிக்குக் காலர் அங்கே போவதற்குள் நிறம் மாறியிருக்கும். பழைய டி-ஷர்ட்டில் போய், ஹேங்கரில் கொண்டுபோன சட்டையை அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். மேல் பாக்கெட்டில் போன் வேண்டாம், ஒரு பக்கமாக இழுக்கும்.

காலில் மட்டும் யார்டில் போடுகிற சேஃப்டி ஷூவையே பாலிஷ் போட்டு மாட்டுங்கள். பாதுகாப்பு பற்றிப் பேசுகிறவர் செருப்போடு நின்றால் அதிகாரிகள் கண் அங்கேதான் போகும்.

ரெடிமேட் சட்டையில் பட்டன் பல சமயம் ஒற்றை நூலில்தான் தொங்கும். ஒவ்வொன்றையும் திருகிப் பாருங்கள். ஆடினால் கடைப் பக்கம் எடுத்து வாருங்கள், இறுக்கித் தருகிறேன். அதற்குக் காசு வேண்டாம்.