பிகேஎக்ஸெக் ஓட்டைக்கு அப்டேட் போட்டும் ஸ்கேனர் சிவப்பாகவே காட்டுவது ஏன்?

பெங்களூரு பீன்யாவில் உள்ள கம்பெனியின் உபுண்டு 20.04 சர்வர்களில், சிவிஇ-2021-4034 என்ற எண்ணில் பதிவான பிகேஎக்ஸெக் பாதுகாப்பு ஓட்டைக்கு அப்டேட் போட்டும் பதிப்பு 0.105 என்றே இருக்கிறது, ஸ்கேனர் சிவப்பாகவே காட்டுகிறது, ஆடிட்டர் ஒத்துக்கொள்ளவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

0.105-ஐப் பார்த்துப் பயப்படாதீர்கள். உபுண்டுவும் டெபியனும் பதிப்பை உயர்த்தாமல் ஓட்டையை மட்டும் அடைத்துத் தருவார்கள். முன் எண்ணை மட்டும் பார்க்கும் ஸ்கேனர் அதனால் சிவப்பாகவே காட்டும். பார்க்க வேண்டியது எண்ணின் வால் பகுதியை: பிகேஎக்ஸெக் அடங்கிய பாலிசிகிட்-1 பேக்கேஜ் 0.105-26உபுண்டு1.2 அல்லது அதற்கு மேல் இருந்தால் வேலை முடிந்தது. ரீபூட் வேண்டாம். ஆடிட்டரிடம் பேக்கேஜ் பட்டியலைக் கொடுத்து, லாகின் செய்து உள்ளிருந்து ஸ்கேன் பண்ணச் சொல்லுங்கள்.

பிகேஎக்ஸெக் ஒரு செட்யூஐடி புரோகிராம். யார் ஓட்டினாலும் ரூட்டாகத்தான், அதாவது முழு அதிகாரத்தோடுதான் எழும். அழைக்கும்போது தரப்படும் சொற்களில் (ஆர்குமென்ட்) தன் பெயராவது வரும் என்று நம்பி, 2009-இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே எண்ணிக்கையை 1-இல் தொடங்கியது. ஒன்றுமே தராமல் அழைத்தால் அந்த இடத்தில் இருப்பது முதல் என்விரான்மென்ட் வேரியபிள், அதாவது புரோகிராமோடு சேர்ந்து வரும் அமைப்பு மதிப்பு. மெமரியில் இரண்டும் அடுத்தடுத்து. அதை ஆர்குமென்ட் என்று படித்து, பாத் பட்டியலில் உள்ள ஃபோல்டர்களில் தேடி, கிடைத்ததை அங்கேயே திருப்பி எழுதும். ஆபத்தானது என்று, புரோகிராமை ஏற்றும் லோடர் கழித்துக்கட்டிய ஜிகான்வ்_பாத் என்ற வேரியபிள் இப்படிக் கொல்லைப்புறமாக நுழைந்துவிடும். அடுத்து பிழைச்செய்தி அச்சிடும்போது, எழுத்துக் குறியீட்டை மாற்றும் லைப்ரரியைத் தாக்குபவர் காட்டிய இடத்திலிருந்து ரூட்டாகவே ஏற்றும். ஆர்குமென்ட் இல்லையென்றால் உடனே வெளியேறு என்பதுதான் திருத்தத்தின் சாரம். பன்னிரண்டு வருட ஓட்டைக்குச் சில வரிகள்!

அப்டேட் கிடைக்காத பழைய பெட்டிகளில் பிகேஎக்ஸெக் கோப்புக்கு சிஎச்மாட் 0755 கொடுத்து செட்யூஐடியை எடுத்துவிடுங்கள். எல்எஸ் -எல் போட்டால் உரிமையாளர் பகுதியில் செட்யூஐடியைக் காட்டும் எஸ் போய் எக்ஸ் வந்திருக்க வேண்டும். பேக்கேஜை மறுபடி நிறுவினால் எஸ் திரும்ப ஒட்டிக்கொள்ளும். எனவே கோப்பின் அனுமதியை நிலையாக வைக்கும் டிபிகேஜி-ஸ்டாட்ஓவர்ரைடிலும் பதிந்துவிடுங்கள். சூடோவுக்குப் பாதிப்பில்லை. ஜிபார்ட்டெட் மாதிரி டெஸ்க்டாப் கருவிகள் பாஸ்வேர்ட் கேட்டு ரூட்டாகத் திறப்பது மட்டும் நின்றுபோகும்.

பலர் கோட்டைவிடுவது புதிய மெஷின்களை உருவாக்கும் அச்சுப் பிரதிகளான இமேஜ்களில். ஓடும் சர்வரைச் சரிசெய்துவிட்டு கிளவுட் இமேஜை அப்படியே விட்டால், ஆட்டோஸ்கேலிங்கில் (தேவைக்கேற்பத் தானாகச் சர்வர் கூட்டும் ஏற்பாட்டில்) அடுத்து எழும் மெஷின் பழைய ஓட்டையோடுதான் வரும். டாக்கர் இமேஜ்களையும் பாருங்கள்.

லாகின் விவரங்கள் பதிவாகும் ஆத் லாகில், ஷெல் வேரியபிளின் மதிப்பு ஈடிசி ஷெல்ஸ் கோப்பில் இல்லை என்ற பிகேஎக்ஸெக் செய்தி இருந்தால் யாரோ முயன்றிருக்கலாம். அது இல்லையென்பதால் நிம்மதி அடைய முடியாது, தடயமே விடாமலும் தாக்கலாம். ஊடுருவல் தெரியவந்தால், இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்; 180 நாள் லாகும் கையில் இருக்க வேண்டும். பழைய லாகை அழிக்கும் லாக்ரொடேட் எத்தனை நாள் வைத்திருக்கிறது என்று இன்றே பாருங்கள்.