எத்தினை மீற்றர் எண்டு எழுதுங்கோ

கடிதம்:

வணக்கம் அக்கா,

போன கிழமை உங்கட பத்தியில நீங்கள் எழுதினதை வாசிச்சன். மாற்றுத்திறனாளிகளின்ர விளையாட்டுப் போட்டியளைப் பற்றி எங்கட பக்கம் பேப்பரிலயும் யூரியூப்பிலயும் வாறதெல்லாம் அழுகைக் கதையாத்தான் இருக்கு, ஆர் எவ்வளவு தூரம் எறிஞ்சது எண்ட விபரமே இல்லை எண்டு எழுதியிருந்தியள். நான் ஒரு பிராந்திய செய்தியாளர், அதால இதுக்கு மறுமொழி எழுதாமல் இருக்க மனம் வரேல்லை.

எங்களுக்கு மாசச் சம்பளம் இல்லை, வாற செய்திக்குத்தான் காசு. ஒரே நாளில ஒரு திறப்பு விழா, ஒரு ஆர்ப்பாட்டம், ஒரு விபத்து எண்டு மோட்டச்சைக்கிளில ஓடுறனாங்கள். "குண்டெறிதலில் முதலிடம்" எண்டு நாலு வரி அனுப்பினா அது வராது. அவ எப்பிடிக் காலை இழந்தவ, எத்தினை பிள்ளையள், வீட்டுக் கூரை ஒழுகுது எண்டு எழுதினா அரைப்பக்கம் வரும், பேஸ்புக்கில ஆயிரம் பேர் ஷெயார் பண்ணுவினம். அப்பிடி வந்த ஒரு வீடியோவைப் பாத்துத்தான் கனடாவில இருந்து ஒருத்தர் எங்கட ஊர் அக்கா ஒராளுக்கு புது வீல்செயார் எடுத்துக் குடுத்தவர். தூரத்தை மட்டும் எழுதியிருந்தா அது கிடைச்சிருக்குமோ? அதையும் நிப்பாட்டச் சொல்லுறியளோ?

என்ர பெயர் போடவேண்டாம்.

வலிகாமத்தில இருந்து ஒரு செய்தியாளர்

பதில்:

அன்புத் தம்பி,

வீல்செயார் கிடைச்சது நல்ல விசயம். காசு அனுப்பினவரையும் அந்த வீடியோ எடுத்தவரையும் நான் ஒரு சொல்லும் குறை சொல்லமாட்டன். கூரை ஒழுகினா அதை எழுதத்தான் வேணும், அதுக்கும் பேப்பரில இடம் இருக்கோணும், இன்னொரு நாளைக்கு அந்த வீட்டுக்கே போய் இருந்து ஆறுதலாக் கதைச்சு எழுதுங்கோ. ஆனா போட்டி நடந்த அண்டைக்கு அந்த அக்கா மைதானத்துக்கு வந்தது குண்டு எறிய. விடியவெள்ளன எழும்பி, ஆட்டோக்காரனோட கூலி பேசி, வெயிலுக்க தன்ர முறை வரும்வரைக்கும் காத்திருந்து எறிஞ்சிட்டுப் போனவ. அந்த எறியைப் பற்றி அடுத்தநாள் பேப்பரில ஒரு வரியும் இல்லையெண்டால் அவ அண்டைக்குச் செய்த வேலையை நாங்கள் பாக்கவே இல்லை எண்டுதானே அர்த்தம்.

இருந்துகொண்டு எறியிற போட்டியைக் கிட்ட நிண்டு பாத்திருக்கிறியளோ தெரியாது, பாக்காட்டி அடுத்தமுறை கட்டாயம் பாருங்கோ. எறியிற கதிரையை வட்டத்துக்குள்ள வைச்சு, சுத்திவர இரும்பு முளை அடிச்சு, பட்டி இழுத்து நிலத்தோட இறுக்குவினம். கதிரையின்ர உயரம் மெத்தையோட சேத்து 75 சென்ரிமீற்றருக்கு மேல போகேலாது. ஆளையும் தொடையோட சேத்துப் பட்டியால கட்டுவினம், எறியேக்க இருக்கையை விட்டுக் கிளம்பினா அந்த எறி செல்லாது. நிண்டு எறியிற போட்டியில ஆள் மாறி ஆள் எறியிறதால இடையில ஒரு ஓய்வு கிடைக்கும், இதில ஒவ்வொருதரும் கட்டி அவிழ்க்க நேரம் போகுமெண்டு ஒராள் தன்ர எறியளை எல்லாம் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா எறிஞ்சு முடிக்கோணும். முதல் எறியில பிழைச்சதை ரெண்டாவதுக்கு முன்னம், மூச்சு வாங்கிற அந்த நேரத்துக்குள்ள கண்டுபிடிச்சுத் திருத்தோணும், எவ்வளவு கஷ்டம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

யாழ்ப்பாணத்தில நான் பாத்த ஒரு போட்டியில ஒரு அக்கா ரெண்டாவது எறி முடிஞ்ச உடன "இடப்பக்கப் பட்டி இளகிப்போச்சு, இறுக்கிவிடு தம்பி" எண்டு கேட்டா. உதவிக்கு நிண்ட பெடியன் ஒரு காலால முளையை மிதிச்சுக்கொண்டு பட்டியை இழுத்தான், அவ ரெண்டுதரம் இடுப்பை ஆட்டிப் பாத்திட்டு தலையை ஆட்டினா. அடுத்த எறி முதல் ரெண்டையும் விட ஒரு அடிக்கு மேல கூடப் போய் விழுந்துது. அளவு நாடா பிடிச்சவர் தூரத்தைச் சொல்லமுன்னமே அவவுக்குத் தெரிஞ்சிட்டுது, கையைத் தட்டிச் சிரிச்சா. அந்த நேரம் ஒரு கமராவும் அங்க இல்லை. கமரா எல்லாம் பரிசு குடுக்கேக்கதான் வந்தது, போட்டோவுக்கு நடுவில பிரதம விருந்தினர், ஓரத்தில அவ. அதுக்குப் பிறகு மைக் பிடிச்ச ஒராள் அவவிட்டைக் கேட்ட முதல் கேள்வி, கால் எப்பிடிப் போனது எண்டு.

தம்பி, எங்கட ஊரில அது லேசான கேள்வி இல்லை. ஷெல்லோ மிதிவெடியோ, எந்த இடம், எந்த வருசம், அப்ப பக்கத்தில ஆர் நிண்டவை, அவையில இப்ப ஆர் இல்லை, எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள்ள வந்து நிக்கும். சொல்ல விருப்பமான ஆக்களும் இருக்கினம், சொன்னா நாளைக்கு ஆர் வந்து என்ன விசாரிப்பினமோ எண்டு இண்டைக்கும் பயப்பிடுற ஆக்களும் இருக்கினம். மேடைக்குப் பக்கத்தில, சனத்துக்கு முன்னால, மைக்கை நீட்டிக் கேட்டா அவையால மாட்டன் எண்டு சொல்லவும் ஏலாது. அவவா சொன்னா எழுதுங்கோ, மரியாதையா எழுதுங்கோ. ஆனா முதல் கேள்வி ஏன் பட்டியை இறுக்கச் சொன்னனீங்கள் எண்டதா இருக்கட்டும். அதுக்கு அவ சொல்லுற மறுமொழியிலதான் அவ ஒரு விளையாட்டுக்காரி எண்டது வாசிக்கிற ஆளுக்கு விளங்கும்.

அதே அக்காவிட்டை ஒரு பைல் இருக்கு. செர்ட்டிபிக்கட், போட்டோ, பேப்பர் வெட்டினது எல்லாம் பிளாஸ்ரிக் உறைக்குள்ள போட்டு வைச்சிருக்கிறா, வீட்டுக்குப் போனா எடுத்துக் காட்டுவா. பேப்பர் துண்டுகள் எல்லாத்திலயும் அவவின்ர காயம் இருக்கு, அவவின்ர அம்மா இருக்கிறா, "சோதனைகளைக் கடந்து சாதனை" இருக்கு. தூரம் ஒண்டிலயும் இல்லை. அவதான் கரையில நீலப் பேனையால எழுதி வைச்சிருக்கிறா, இந்தப் போட்டி இவ்வளவு, அந்தப் போட்டி இவ்வளவு எண்டு. கொழும்பில ஒரு தெரிவுக்குப் போகேக்க, ஒரு வேலைக்குப் போகேக்க, ஆராவது ஸ்பொன்சர் கேட்டு வரேக்க காட்டக்கூடியது அந்த இலக்கம்தான். உங்கட வீல்செயார்க் கேள்விக்கு என்ர மறுமொழியும் இதுக்குள்ளதான் இருக்கு. அழுகைக் கதையால வாற காசு பெரும்பாலும் ஒருதரம் வந்து நிண்டிடும், அடுத்த மாசம் அதை விடப் பெரிய அழுகை ஒண்டு வந்தா அங்க போயிடும். ஒரு ஆளின்ர தூரம் மூண்டு வருசமாக் கூடிக்கொண்டு போகுது எண்டது பேப்பரில பதிஞ்சு இருந்தா, இவவுக்கு ஒரு கோச் வேணும், ஒழுங்கான எறியிற கதிரை வேணும், பயிற்சிக்கு வந்துபோக வாகனம் வேணும் எண்டு கேக்கிறதுக்கு ஒரு பலம் வரும்.

தூரத்தை எழுதினா ஆர் வாசிப்பினம் எண்டு கேப்பியள். எங்கட சனம் இலக்கத்துக்குப் பயந்த சனமோ? வடக்கின் பெரும் போர் எண்ட பள்ளிக்கூடக் கிரிக்கெட் மச் நடக்கிற நாளில தேத்தண்ணிக் கடையில போய் இருந்து பாருங்கோ, ஆர் எத்தினை ஓட்டம், ஆர் எத்தினை ஓவரில எத்தினை விக்கெட், எந்த வருசம் என்ன நடந்தது எண்டு மனப்பாடமாச் சொல்லுவினம். அந்தச் சனத்துக்கு பார்வையற்றோர் கிரிக்கெட்டைப் பற்றி ஒருக்கா விளக்கி எழுதுங்கோ. பந்துக்குள்ள கிலுக்குச் சத்தம் வரும், கையைத் தாழ்த்தி உருட்டினமாதிரித்தான் போடோணும், பதினொரு பேரில குறைஞ்சது நாலு பேர் முழுசாப் பார்வை இல்லாதவையா இருக்கோணும், அவை எடுக்கிற ஓட்டம் ரெண்டு மடங்கா எண்ணப்படும். இதை வாசிச்சிட்டு, அப்ப கப்டன் ஆரை எப்ப இறக்குவான் எண்டு கேக்காமல் இருக்கிற கிரிக்கெட் விசரர் எங்கட ஊரில இருக்கமாட்டினம்.

மாரியப்பன் தங்கவேலுவை எங்கட ஆக்கள் எல்லாருக்கும் தெரியும், சேலத்துப் பெடியன். சின்ன வயசில பஸ்ஸில அடிபட்ட கால், மரக்கறி வித்து வளத்த தாய், இதெல்லாம் எங்கட வீட்டு அம்மம்மாக்கும் பாடம். மாற்றுத்திறனாளிகளின்ர ஒலிம்பிக்கான பராலிம்பிக்கில, உயரம் பாய்தலில, ரியோவில 2016இல 1.89 மீற்றர் பாஞ்சு தங்கம், ரோக்கியோவில 1.86 பாஞ்சு வெள்ளி, பாரிஸில 2024இல 1.85 பாஞ்சு வெண்கலம். மூண்டு பராலிம்பிக்கில தொடர்ந்து மெடல். ரோக்கியோவில மழை கூடினாப் பிறகு பாதிக்கப்பட்ட காலில போட்டிருந்த சொக்ஸ் நனைஞ்சு பாயக் கஷ்டப்பட்டதா அவரே பிறகு சொன்னவர், தங்கம் 1.88க்குப் போனது, வித்தியாசம் ரெண்டு சென்ரிமீற்றர். பாரிஸில தங்கம் 1.94க்குப் போனது, அப்ப எட்டு வருசத்தில இந்தப் போட்டி எவ்வளவு உசந்திட்டுது, அதுக்குள்ளயும் அந்த மனிசன் மேடையை விடாமல் நிண்டிருக்கிறார். இதெல்லாம் நல்ல கதைதானே தம்பி, பஸ் விபத்தை விடப் புதுக் கதை.

இன்னொண்டு, இதை எழுதவோ விடவோ எண்டு யோசிச்சிட்டுத்தான் எழுதுறன். 2021 ஓகஸ்ட் 30, ரோக்கியோ, கையில பாதிப்பு உள்ளவையின்ர ஈட்டி எறிதல், எப்46 வகுப்பு (வகுப்பு எண்டது பாதிப்பைப் பொறுத்து ஆக்களைப் பிரிக்கிறது). தினேஷ் பிரியந்த ஹேரத் 67.79 மீற்றர் எறிஞ்சு உலக சாதனையோட தங்கம் எடுத்தார், பராலிம்பிக்கில இலங்கைக்குக் கிடைச்ச முதல் தங்கம் அது. அவர் போரில காயப்பட்ட ராணுவக்காரர். தெற்கில அதை ஒரு போர்வீரனின்ர கதையாத்தான் கொண்டாடிச்சினம், எங்கட பக்கத்தில கனபேருக்கு அந்தக் கதையைத் தொடவே மனம் வரேல்லை. ஆர் வீட்டில என்ன நடந்தது எண்டு எங்களுக்குத் தெரியும், அதால அந்த மனத்தை நான் பிழை சொல்ல வரேல்லை. ஆனா அந்த எறி எங்களுக்கு வந்து சேரவே இல்லை. ரியோவில 58.23 எறிஞ்சு வெண்கலம் எடுத்த ஆள் அஞ்சு வருசத்தில ஒம்பதரை மீற்றர் கூட்டியிருக்கிறார். வெள்ளி எடுத்த தேவேந்திர ஜஜாரியா, 2004இலயே ஏதென்ஸில தங்கம் எடுத்தவர், 40 வயசில 64.35 எறிஞ்சார், வெண்கலம் எடுத்த சுந்தர் சிங் குர்ஜார் 64.01. பழைய உலக சாதனை ஜஜாரியாவின்ர 63.97, அப்ப அண்டைக்கு மெடல் எடுத்த மூண்டு பேருமே பழைய சாதனையைத் தாண்டினவை! ஒரு கையோட ஈட்டி பழகிற பெடியன் ஒருத்தன் எங்கட பக்கம் இருந்தா, மற்றக் கை இல்லாமல் கடைசி அடியில உடம்பு சாயாமல் எப்பிடி நிப்பாட்டுறது எண்டு படிக்கிறதுக்கு அதை விட நல்ல வீடியோ கிடையாது. காயத்தை வைச்சே எல்லாரும் எழுதினதால அந்தப் பெடியனுக்கு அந்த எறியை ஒருத்தரும் காட்டேல்லை.

பராலிம்பிக் துவங்கினதே போரில காயப்பட்ட ஆக்களாலதான். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் துவங்கின அதே நாள், ஸ்டோக் மண்டவில் ஆஸ்பத்திரியில லுட்விக் குட்மன் எண்ட டொக்ரர் முள்ளந்தண்டில காயப்பட்ட முன்னாள் படையாக்கள் 16 பேரை வைச்சு வில்வித்தைப் போட்டி நடத்தினவர். முப்பது வருசம் போர் நடந்த எங்கட மண்ணில இந்த விளையாட்டை எழுத ஒரு தனிப்பக்கமே வேணும்.

வகுப்பை விளக்காமல் எழுதுறதும் பெரிய குறை. பாரிஸில எங்கட நாட்டு சமித துலான் கொடித்துவக்கு ஈட்டியில 67.03 மீற்றர் எறிஞ்சு வெள்ளி எடுத்தார், உலக சாதனையும் எண்டு செய்தி வந்தது. ரெண்டாவதா வந்தவர் எப்பிடி உலக சாதனை வைச்சவர் எண்டு என்னட்டையே ஆக்கள் கேட்டவை. எப்64 எண்டது முழங்காலுக்குக் கீழ செயற்கைக்கால் போட்டு எறியிற ஆக்கள், எப்44 எண்டது காலில பாதிப்பு இருந்தும் செயற்கைக்கால் இல்லாமல் எறியிற ஆக்கள், ரெண்டு வகுப்பையும் ஒரே போட்டியில விட்டவை. தங்கம் எடுத்த சுமித் அன்டில் 70.59, அவர் எப்64. துலான்ர 67.03 எப்44க்கு உலக சாதனை. எழுத ரெண்டே ரெண்டு வரி. எங்கட போரைப் பற்றின படத்தால எங்களுக்குத் தெரிஞ்ச அந்த பிரித்தானிய ரீவி சனல் 4, லண்டன் 2012 பராலிம்பிக்கைக் காட்டேக்க ஜைல்ஸ் லோங் எண்ட பராலிம்பிக் நீச்சல்காரர் உருவாக்கின ஒரு படமுறையை வைச்சு, எந்த வகுப்பில உடம்பின்ர எந்தப் பகுதிக்கு எவ்வளவு பாதிப்பு எண்டு நிறத்தால காட்டினது. பேப்பரில ஒரு சின்னப் பெட்டிக்குள்ள எங்களாலயும் அப்பிடிப் போட ஏலும்.

பாராட்டு மட்டும் எழுதிப் பழகினா இன்னொரு ஆபத்தும் இருக்கு. சிட்னி 2000இல அறிவுசார் குறைபாடு உள்ளவையின்ர கூடைப்பந்தில தங்கம் எடுத்த ஸ்பெயின் அணியில 12 பேரில 10 பேருக்கு ஒரு குறைபாடும் இல்லை. அதை வெளியில கொண்டுவந்தவர் கார்லோஸ் ரிபகோர்டா எண்ட செய்தியாளர், அந்த அணிக்குள்ளயே ஆளாப் போய் விளையாடினவர். அதுக்குப் பிறகு அந்தப் பிரிவுப் போட்டியளை பராலிம்பிக்கில இருந்தே எடுத்துப்போட்டினம், லண்டன் 2012இலதான் திரும்ப வந்தது. உண்மையான விளையாட்டுக்காரருக்கு பன்ரெண்டு வருசம் போனது. எங்கட மாவட்டப் போட்டியளிலயும் வகுப்புப் பிரிச்சது சரியோ, தூரம் சரியா அளந்தவையோ, மைதானத்துக்குள்ள வீல்செயார் போக வழி இருந்ததோ, ஆக்களுக்குக் கழிப்பறை இருந்ததோ எண்டு கேட்டு எழுத ஆள் வேணும். மற்ற விளையாட்டுக்கு நடுவரைத் திட்டி எழுதுறம்தானே, இதுக்கு மட்டும் ஏன் எல்லாரும் நல்லவை எண்டு முடிக்கோணும்.

உங்களுக்கு நேரம் இல்லை, செய்திக்குத்தான் காசு எண்டது எனக்கு விளங்குது. அதால சின்னனாத்தான் கேக்கிறன். பரிசளிப்புக்கு வாற அதே நாளில அரை மணித்தியாலம் முந்தி வாங்கோ. எறியிற நேரம் ஒரு போட்டோ எடுங்கோ. முடிவு எழுதுற மேசையில போய்க் கேட்டா தாளைக் காட்டுவினம், போனில ஒரு படம் எடுங்கோ. முதல் வந்தவரின்ர தூரம், ரெண்டாவது வந்தவரின்ர தூரம், முந்தி அவையின்ர நல்ல தூரம் எவ்வளவு எண்டு கேட்டு, அதைச் செய்தியின்ர முதல் வரியில போடுங்கோ, பிறகு நீங்கள் எழுத நினைக்கிறதை எழுதுங்கோ. ஆசிரியர் வெட்டுறதெண்டால் கீழ இருந்துதான் வெட்டுவார்.

அடுத்த போட்டிக்கு நானும் வருவன். முடிவுகளுக்கு இடம் இல்லையெண்டு அங்க சொன்னா அந்தத் தாளை அப்பிடியே எனக்கு அனுப்புங்கோ, எல்லா வகுப்பும், கடைசியா வந்தவரின்ர தூரமும் சேத்து இஞ்ச போடுறன். அனுப்பமுன்னம் பெயருகளை மட்டும் அந்தந்த ஆக்களிட்டை ஒருக்காக் காட்டி எழுத்துப்பிழை பாத்து அனுப்புங்கோ.

அன்புடன்,
அக்கா