ஒரு வாக்கும் பெறாதவர் கேட்கலாமா?

கேள்வி: நம் சிங்கப்பூர் சின்ன நாடு. பல இனம், பல சமயம். அப்படியிருக்க, அமைச்சர்களைக் குறை சொல்வதையே சில ஊடகங்கள் தொழிலாக வைத்திருக்கின்றன. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த தலைவரைக் குறுக்கு விசாரணை செய்ய, ஒரு வாக்கும் பெறாத செய்தியாளருக்கு என்ன தகுதி இருக்கிறது? நடந்ததை மட்டும் போட்டால் போதாதா? இப்படியே போனால் மக்களுக்கு யார்மேலும் நம்பிக்கை இருக்காது. சென்ற மாதம் நீங்கள் எழுதிய தலையங்கமும் அந்த ரகம்தான். ஒரு பக்கத்தை மட்டும் சொன்னீர்கள்.
— ஈசூன் வாசகர்

பதில்: தகுதியிலிருந்தே தொடங்குகிறேன். செய்தியாளருக்கு யாரும் வாக்களிக்கவில்லை, உண்மைதான். உங்களுக்கும் யாரும் வாக்களிக்கவில்லை. ஆனாலும் உங்கள் தொகுதியின் மக்கள் சந்திப்புக்குப் போய், நாடாளுமன்ற உறுப்பினர் எதிரில் உட்கார்ந்து, மின்தூக்கியை ஏன் இன்னும் சரிசெய்யவில்லை என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. செய்தியாளரின் உரிமையும் அதுவேதான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. உங்களுக்கு வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது. கணக்குகளைப் புரட்டிப் பார்க்க நேரம் கிடையாது. அந்த வேலையை உங்களுக்காக ஒருவர் முழுநேரமும் செய்கிறார்.

நடந்ததை மட்டும் போட்டால் போதாதா என்கிறீர்கள். நடந்தது என்ன என்று முதலில் தெரிய வேண்டுமே, ஐயா. தேசியச் சிறுநீரக அறநிறுவனத்தின் கதை உங்களுக்கு நினைவிருக்கும். தொலைக்காட்சியில் நிதிதிரட்டு நிகழ்ச்சி வந்தால், காப்பிக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கூடத் தொலைபேசி எண்ணை அழுத்தி நன்கொடை கொடுத்த காலம் அது. 1990களின் கடைசியில், அதன் தலைமை நிர்வாகி டி.டி. துரை விமானத்தில் முதல் வகுப்பில் பறக்கிறார் என்று சிலர் சொன்னார்கள். அவர்கள்மேல் அவதூறு வழக்கு வந்தது. மன்னிப்புக் கேட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். அப்போது ‘நடந்தது’ என்று பத்திரிகையில் போட்டிருக்கக் கூடியது அந்த மன்னிப்பு மட்டும்தான்.

2004 ஏப்ரலில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் ஒரு கட்டுரை வெளியிட்டது. துரையின் அலுவலகக் கழிவறையில் தங்க முலாம் பூசிய குழாய் பொருத்தச் சொன்னதாக ஒரு குத்தகையாளர் கூறியிருந்தார். ஒரு குழாய், அவ்வளவுதான். அறநிறுவனமும் துரையும் பத்திரிகைமேலும் செய்தியாளர்மேலும் வழக்குத் தொடுத்தார்கள். 2005 ஜூலையில் விசாரணை தொடங்கியது. சாட்சிக் கூண்டில் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. துரைக்கு ஆண்டுக்கு 600,000 வெள்ளி வருமானம். முதல் வகுப்புப் பயணம். அறநிறுவனத்தின் கையிருப்பு 262 மில்லியன் வெள்ளி. இரண்டாம் நாளே துரை வழக்கை மீட்டுக்கொண்டார். இரண்டு நாள் கழித்து அவரும் நிர்வாகக் குழுவும் பதவி விலகினார்கள். பிறகு அவர் சிறைக்கும் போனார்.

இதில் நம்பிக்கையைக் கெடுத்தது யார்? குழாயைப் பற்றி எழுதியவரா, அல்லது ஏழைகளும் தங்களால் ஆனதைப் போட்ட உண்டியலின் கணக்கை மூடி வைத்தவர்களா? அந்த ஜூலையில் ஆயிரக்கணக்கானோர் நன்கொடையை நிறுத்தினார்கள். அதில் துன்பப்பட்டது டயாலிசிஸ் இருக்கையில் படுத்திருந்த நோயாளிகள். இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. முதலில் வாயைத் திறந்தவர்களை வாயடைக்காமல் இருந்திருந்தால், பல ஆண்டுகளுக்கு முன்பே, குறைந்த சேதத்தோடு, எல்லாம் சரியாகியிருக்கும்.

துரை அமைச்சர் இல்லையே என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் அதிகாரத்தில் இருப்பவரும் செய்தியாளரும் எதிரெதிரே நிற்கும்போது நடப்பது எங்கும் இதேதான். ஒருவர் கையில் கேள்வி இருக்கிறது, இன்னொருவர் கையில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். அமைச்சராக இருந்தால் சட்டமும் சேர்ந்துகொள்கிறது.

சரி, சின்ன நாடு என்ற உங்கள் கவலைக்கு வருகிறேன். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1950 டிசம்பரில், சிறுமி யாரிடம் வளர வேண்டும் என்ற மரியா ஹெர்டோக் வழக்கின்போது, டச்சுப் பெற்றோருக்குப் பிறந்து முஸ்லிம் குடும்பத்தில் வளர்ந்த அந்தச் சிறுமி கிறிஸ்தவக் கன்னிமாடத்தில் இருக்கும் படங்களைப் பத்திரிகைகள் பெரிதாகப் போட்டன. கலவரத்தில் 18 பேர் இறந்தார்கள். ஒரு படம் ஊரை எரிக்கும் என்பதைப் பார்த்த தலைமுறை நம்முடையது. இனத்துக்கு எதிராக இனத்தைத் தூண்டிவிடும் எழுத்தைச் சட்டம் தடுக்கத்தான் வேண்டும். அதில் உங்களோடு நிற்கிறேன்.

ஆனால் மக்களுக்குள் நெருப்பு வைப்பது வேறு, அமைச்சரிடம் கணக்குக் கேட்பது வேறு. இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுவதைத்தான் நான் ஏற்கவில்லை. 1986 அக்டோபரில் டைம் வார இதழின் விற்பனையை இங்கே 18,000 பிரதியிலிருந்து 9,000 ஆகக் குறைத்தார்கள், அப்புறம் 2,000 ஆக்கினார்கள். அதற்கு வழிவைத்த கட்டுரை எதிர்க்கட்சித் தலைவர் ஜெயரத்தினத்தைப் பற்றியது. அடுத்த பிப்ரவரியில் ஏஷியன் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 5,000 பிரதியிலிருந்து 400 ஆனது. அதன் கட்டுரை பங்குச் சந்தையைப் பற்றியது. இரண்டிலும் எந்த இனத்தின்மேல் எந்த இனம் பாய்ந்திருக்கும்?

டைம் செய்ததும் தவறு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கட்டுரையில் பிழைகள் இருப்பதாகச் சுட்டி அரசாங்கம் அனுப்பிய கடிதத்தை அந்த இதழ் அப்படியே போட மறுத்தது. குறை சொல்லப்பட்டவருடைய மறுப்பை முழுசாகப் போடுவது எங்கள் தொழிலில் கடமை; அமைச்சராக இருந்தாலும் காவலாளியாக இருந்தாலும் அப்படித்தான். ஆனால் அந்தத் தவறுக்கு, 16,000 பேர் கைக்கு இதழே கிடைக்காமல் செய்வதா பரிகாரம்? தண்டனை வாசகருக்கு அல்லவா போய்ச் சேர்ந்தது? ஒன்றையும் மறைக்கவில்லை என்று காட்ட, விளம்பரங்களை நீக்கி அந்த இதழ்களைப் படியெடுத்துக்கொள்ளலாம் என்று பிறகு சட்டத்தில் இடம் கொடுத்தார்கள். அதாவது, அந்தக் கட்டுரைகளைப் படிப்பதால் நாட்டுக்கு ஆபத்து வரும் என்று அரசாங்கமே நினைக்கவில்லை.

‘வாக்குப் பெறாதவர்’ என்ற வாதம் உங்கள் கண்டுபிடிப்பு இல்லை. 1971 ஜூனில் ஹெல்சிங்கியில், உலகப் பத்திரிகை ஆசிரியர்கள் கூடிய மாநாட்டில், அன்றைய பிரதமர் திரு லீ குவான் இயூ இதைத்தான் சொன்னார்: தேர்ந்தெடுக்கப்பட்ட அரசாங்கத்தின் நோக்கத்துக்குப் பிறகுதான் பத்திரிகைச் சுதந்திரம். அதற்கு முந்தைய மாதம்தான் நன்யாங் சியாங் பாவ் என்ற சீன நாளிதழின் நிர்வாகிகள் கைதானார்கள், சிங்கப்பூர் ஹெரால்ட் என்ற ஆங்கில நாளிதழ் உரிமம் இழந்தது. மூன்று ஆண்டில், 1974இல், பத்திரிகை அச்சகச் சட்டம் வந்தது. பத்திரிகை நிறுவனங்களில் நிர்வாகப் பங்கு என்று ஒரு வகைப் பங்கு. பணியாளரை அமர்த்தும், நீக்கும் தீர்மானங்களில் அந்த ஒரு பங்குக்கு 200 வாக்கு. அதை யார் வைத்திருக்கலாம் என்பதற்கு அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். செய்தியாளருக்கு வாக்கில்லை என்று வருந்துகிறீர்கள். அவர் வேலையைத் தீர்மானிக்கும் வாக்கு எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

அதே திரு லீ 1954இல் என்ன செய்தார் தெரியுமா? பல்கலைக்கழக சோஷலிசக் கழகத்தின் ‘ஃபஜார்’ இதழில் வந்த ஒரு கட்டுரைக்காக எட்டு மாணவர்கள்மேல் காலனி அரசு தேசத்துரோக வழக்குப் போட்டது. லண்டனிலிருந்து வந்த டி.என். பிரிட்டுக்குத் துணை வழக்கறிஞராக நின்று, அந்த மாணவர்களை விடுதலை செய்ய வைத்தவர் அவர். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, அஞ்சல் ஊழியர் வேலைநிறுத்தத்தில் லீ அவர்களின் சட்ட ஆலோசகர். சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட் நாளிதழில் ஊழியர் பக்கம் நின்று எழுதியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த நம் சி. ராஜரத்தினம். ஆளுநர் மாளிகையில் இருந்தவர்களும் அன்று இதே கேள்வியைக் கேட்டிருக்கலாம்: இந்த ராஜரத்தினத்துக்கு யார் வாக்களித்தார்கள்? யாரும் இல்லை. ஆனாலும் அவர் எழுதினார், ஊழியர்கள் வென்றார்கள். பின்னாளில் நாட்டின் தேசிய உறுதிமொழியை வரைந்த கையும் அதுதான். இந்த நாட்டை உருவாக்கியவர்களே கேள்வி கேட்ட பத்திரிகையின் தோளில் ஏறி வந்தவர்கள். நம் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கிற பக்கம் அது. அதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இன்றைக்கு வருவோம். 2019 அக்டோபர் முதல் பொஃப்மா, அதாவது இணையப் பொய்ச்செய்திச் சட்டம் நடப்பில் இருக்கிறது. அதில் எனக்குப் பிடித்த அம்சமும் உண்டு. திருத்த ஆணை வந்தால் எழுதியதை அழிக்க வேண்டியதில்லை, அரசாங்கத்தின் விளக்கத்தையும் பக்கத்தில் போட வேண்டும். இரண்டையும் படித்து வாசகர் முடிவு செய்யலாம். ஆனால் எது பொய் என்று முதலில் சொல்வது ஓர் அமைச்சர். உடனே கீழ்ப்படிய வேண்டும். மறுக்கும் நிறுவனத்துக்கு 500,000 வெள்ளி வரை அபராதம். அமைச்சரிடமே மனுப் போட்டு, அவர் மறுத்த பிறகுதான் உயர் நீதிமன்றம் போக முடியும். அமைச்சர்களைப் பற்றிய செய்தியிலும் இதே வழிதான்.

2024 டிசம்பரில் பங்களா வீட்டு விற்பனை பற்றி, இரண்டு அமைச்சர்களின் பெயரையும் சொல்லி, புளூம்பெர்க் செய்தி நிறுவனம் வெளியிட்ட செய்திக்குத் திருத்த ஆணை போனது. புளூம்பெர்க் அதை வெளியிட்டது, கூடவே தன் செய்தியில் உறுதியாக நிற்பதாகவும் சொன்னது. அடுத்த மாதம் அந்த அமைச்சர்கள், சண்முகமும் டான் சீ லெங்கும், அவதூறு வழக்குத் தொடுத்தார்கள். அந்த வழக்கில் யார் சரி என்பதற்குள் நான் போகவில்லை. அது நீதிபதியின் வேலை. அமைச்சருக்கும் மானம் உண்டு, வழக்குப் போட உரிமையும் உண்டு. என் கருத்து இதுதான்: எது பொய் என்று முடிவு செய்கிற இடத்திலும், ஆணை பிறக்கும் முன்பே, நீதிபதி இருக்க வேண்டும். அவசரம் என்றால் 24 மணி நேரத்தில் விசாரிக்கட்டும். சொல்லப்பட்டவரின் சக அமைச்சர் அந்த இருக்கையில் உட்காரக் கூடாது.

எங்கள் பக்கக் குறைகளும் இருக்கின்றன. தலைப்பில் ஒன்று, உள்ளே வேறொன்று என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். மறுப்பைக் கடைசிப் பக்க மூலையில் ஒளிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களால்தான் உங்களைப் போன்றவர்களுக்கு எல்லாச் செய்தியாளர்மேலும் சலிப்பு வருகிறது. அதைப் புரிந்துகொள்கிறேன்.

சென்ற மாதத் தலையங்கத்தில் ஒரு பக்கத்தை மட்டும் சொன்னேன் என்கிறீர்கள். விட்டுப்போன பக்கத்தை நீங்களே எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில், தலையங்கம் வந்த அதே பக்கத்தில், ஒரு சொல்லும் வெட்டாமல் போடுகிறேன்.