மின்சாரம் போனதும் யுபிஎஸ் ஏன் கைவிடுகிறது? கேள்வி பதில்

மலேசியாவில் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபரிலும் பிற்பகல் இடிமழை வழக்கம். மழையோடு மின்சாரமும் போய்விடுகிறது. வீட்டுக் கணினிக்கு யுபிஎஸ் (மின்சாரம் போனதும் தன் பேட்டரியிலிருந்து மின்சாரம் தரும் பெட்டி) வைத்திருப்பவர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன். ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிட வேண்டும். வீட்டு யுபிஎஸ் தருவது, செய்த வேலையைச் சேமித்துக் கணினியை முறையாக அணைப்பதற்கான அவகாசம் மட்டுமே. மின்சாரம் திரும்பும்வரை வேலையைத் தொடர அது போதாது.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர்: மின்சாரம் போன நொடியிலேயே கணினியும் அணைந்துவிடுகிறது. யுபிஎஸ்ஸில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மாணவர்களின் மதிப்பெண் பட்டியலை இழந்துவிட்டேன்.

டீச்சர், அந்தப் பச்சை விளக்கு சுவரிலிருந்து மின்சாரம் வருகிறது என்பதைத்தான் காட்டுகிறது. பேட்டரி நலமாக இருக்கிறது என்பதற்கு அது சான்று அல்ல. உள்ளே இருப்பது மூடிய ஈய-அமில பேட்டரி. அதற்குச் சொல்லப்படும் 3 முதல் 5 ஆண்டு ஆயுள், 20 முதல் 25 பாகை வெப்பத்தில் கணக்கிட்டது. வெப்பம் ஏறக்குறைய 10 பாகை கூடினால் ஆயுள் பாதியாகிவிடும். தகரக் கூரை வீட்டில் பிற்பகல் வெக்கை எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். நம் ஊரில் இரண்டு மூன்று ஆண்டுகளில் பேட்டரி தளர்வது இயல்பு.

ஆனால் புதிது வாங்குமுன் யுபிஎஸ்ஸின் பின்புறத்தைப் பாருங்கள். பல மாடல்களில் பிளக் செருகும் சில துளைகள் மின் அதிர்விலிருந்து பாதுகாப்பு மட்டுமே தரும். அவற்றுக்கு பேட்டரி இணைப்பு இருக்காது. கணினி அதில் செருகியிருந்தால் குறை அங்கேதான். லேசர் பிரிண்டரும் யுபிஎஸ்ஸில் இருந்தால் உடனே கழற்றுங்கள். அதன் சூடேற்றி சட்டென இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யுபிஎஸ் தாங்காது.

இவை சரியாக இருந்தால், எட்டு மணி நேரம் சார்ஜ் ஏறவிட்டு, கணினிக்குப் பதில் ஒரு மேசை விளக்கைச் செருகுங்கள். பிறகு சுவரின் சுவிட்சை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டாம். சுவிட்சை மட்டும் அணைத்தால் எர்த் இணைப்பு அறுபடாது. விளக்கு உடனே அணைந்தாலோ ஓரிரு நிமிடத்தில் மங்கினாலோ பேட்டரி முடிந்துவிட்டது. சிறிய யுபிஎஸ்களில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரிதான் இருக்கும். பழையதன்மேல் அச்சிட்டிருப்பதைப் பார்த்து அதே அளவில் வாங்குங்கள். மாதம் ஒருமுறை, மழையில்லாத நாளில், இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். பிள்ளைகளின் மதிப்பெண்களைப் பென்டிரைவிலும் ஒரு பிரதி வையுங்கள். எந்த யுபிஎஸ்ஸையும் நம்பி அவற்றை ஒரே இடத்தில் விட வேண்டாம்.

தோட்டக் குடியிருப்பிலிருந்து ஓர் இளைஞர்: மின்சாரம் போனால் தோட்டத்து ஜெனரேட்டர் ஓடும். அப்போதும் யுபிஎஸ் ‘டக் டக்’ என்று மாறி மாறிச் சத்தம் போட்டு, அரை மணி நேரத்தில் அணைந்துவிடுகிறது. யுபிஎஸ் கெட்டுவிட்டதா?

இல்லை தம்பி, அது தன் வேலையைத்தான் செய்கிறது. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அலைகள். ஜெனரேட்டரில் பல வீடுகள் ஒரே நேரத்தில் சோற்றுக் குக்கரையும் நீர் பம்பையும் போட்டால் எஞ்சினின் வேகம் தளர்கிறது. ஹெர்ட்ஸும் வோல்ட்டும் சேர்ந்து ஆடுகின்றன. யுபிஎஸ் அதைக் கெட்ட மின்சாரம் என்று ஒதுக்கி பேட்டரிக்குத் தாவுகிறது. சற்று நிலைத்ததும் திரும்புகிறது. நீங்கள் கேட்கும் ‘டக்’, அப்படி மாற்றிவிடும் ரிலே என்ற சுவிட்சின் ஓசை. ஒவ்வொரு தாவலிலும் பேட்டரி கொஞ்சம் இறங்குகிறது, மறுபடி ஏறுவதற்கு நேரம் கிடைப்பதில்லை.

உங்கள் மாடலில், சிறு ஆட்டத்துக்கும் பேட்டரிக்குத் தாவவைக்கும் உணர்திறனைக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள், இருந்தால் குறைத்துவிடுங்கள். தனியாக ஸ்டெபிலைசர் வாங்குவதில் பயனில்லை. அது வோல்ட்டைச் சரிசெய்யும், ஹெர்ட்ஸைத் தொடாது. ஜெனரேட்டரின் வேகக் கட்டுப்பாட்டைச் சோதிக்கும்படி தோட்ட நிர்வாகத்திடம் கேளுங்கள். குடியிருப்பில் எல்லோருடைய பொருள்களுக்கும் அது நல்லது, கேட்கத் தயங்க வேண்டாம். அடுத்து கணினி வாங்கும் எண்ணம் இருந்தால் மடிக்கணினியாக வாங்குங்கள். அதன் அடாப்டரில் 100 முதல் 240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கும். இந்த ஆட்டம் அதைப் பாதிக்காது.

எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) மாணவி: மின்தடையில் இணையம் மட்டும் இருந்தால் போதும். எவ்வளவு நேரம் தாங்கும்?

கணினியைச் சேர்க்காமல் ஃபைபர் மோடத்தையும் ரவுட்டரையும் மட்டும் செருகுங்கள், அம்மா. இரண்டும் சேர்ந்து சுமார் 20 வாட்தான் எடுக்கும். நல்ல பேட்டரி ஒரு மணி நேரத்துக்கு மேல் தரும். அதே பேட்டரி 150 வாட் மேசைக் கணினிக்குப் பத்து நிமிடம் தந்தாலே பெரிது. ஃபைபர் கம்பியில் மின்சாரம் தேவையில்லாததால், இணைய நிறுவனத்தின் எதிர்முனை நிலையம் இயங்கும்வரை இணையம் வரும்.

கடை வைத்திருக்கும் அண்ணன்: பழைய கார் பேட்டரியை யுபிஎஸ்ஸில் இணைத்தால் நீண்ட நேரம் ஓடுமே?

அண்ணே, தயவுசெய்து செய்யாதீர்கள். சிறிய யுபிஎஸ்ஸின் சுற்று சில நிமிடம் ஓடுவதற்காக அமைந்தது. நீண்ட நேரம் ஓடினால் உள்ளிருக்கும் பாகங்கள் கருகும். அதன் சிறிய சார்ஜர் பெரிய பேட்டரியை முழுமையாக ஏற்றத் திணறும். சார்ஜ் ஏறும்போது கார் பேட்டரி விடும் ஹைட்ரஜன் வாயு தீப்பற்றக்கூடியது. கடைக்குள் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கல்லாக் கணினி மணிக்கணக்கில் ஓட வேண்டுமானால் அதற்கென்றே செய்த இன்வெர்ட்டரைத் தகுதிபெற்ற மின்பணியாளரைக் கொண்டு பொருத்துங்கள்.

ஓய்வுபெற்ற ஐயா ஒருவர்: தீபாவளிக்கு மகன் வீட்டில் இரண்டு வாரம் தங்கிவிட்டு வந்தேன். இடியில் வீட்டு டிரிப் சுவிட்ச் விழுந்திருந்தது. அதன்பின் யுபிஎஸ் பேட்டரி ஏறவே இல்லை.

ஐயா, மின்சாரம் நின்றதும் பேட்டரி முழுவதும் காலியாகி, அப்படியே கிடந்திருக்கிறது. காலியாகக் கிடக்கும் ஈயத் தகடுகளில் சல்ஃபேட் படிகங்கள் இறுகிவிடும். பிறகு சார்ஜ் பிடிக்காது. புதியதுதான் போட வேண்டும். அடுத்த பயணத்துக்கு முன் பேட்டரி நிறைந்திருக்கும்போதே யுபிஎஸ்ஸை அணைத்து, பிளக்கையும் கழற்றிவிடுங்கள். இடியிலிருந்தும் அதுவே பாதுகாப்பு.

பழைய பேட்டரி உப்பியிருந்தால் நெம்பி எடுக்க வேண்டாம். கடைக்காரரிடம் யுபிஎஸ்ஸோடு கொடுங்கள். உப்பாவிட்டாலும் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். நம் நாட்டுச் சட்டத்தில் ஈய-அமில பேட்டரி ‘அட்டவணையிட்ட கழிவு’, அதாவது தனியாகக் கையாள வேண்டிய ஆபத்தான கழிவு. புதியதை வாங்கும் கடையிலேயே பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள்.