முதல் வீடு: உதவி உறுதியாகும் முன் அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி: நானும் மனைவியும் முதன்முறையாக வீடு வாங்கப் போகிறோம். விலையில் 20 சதவீதம் சேமித்து வைத்திருக்கிறோம். முதல் வீட்டுக்கு அரசு உதவி கிடைக்கும் என்கிறார்கள். விற்பவரோ, "அட்வான்ஸ் கொடுத்து வீட்டைப் பிடித்துப் போடுங்கள், உதவியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். மனைவிக்கு அவர் அப்பா விட்டுப்போன வீட்டில் ஒரு பங்கு இருக்கிறது. அது தடையாகுமா?

பதில்: அட்வான்ஸை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். அவசரம் விற்பவருடையது, உங்களுடையது அல்ல.

முதலில் மனைவியின் பங்கு. அது தடையாகலாம். "முதல்முறை வாங்குபவர்" என்பதற்கு ஒவ்வொரு திட்டமும் ஒவ்வொரு கணக்கு வைத்திருக்கிறது. இந்தியாவின் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஒரே குடும்பம். அதில் யார் பெயரில் நாட்டில் எங்கே கெட்டியாகக் கட்டிய (பக்கா) வீடு இருந்தாலும் சிக்கல்தான். அமெரிக்காவிலோ, கடைசி 3 வருடங்களில் தான் குடியிருக்கும் வீட்டில் உரிமை இல்லாதவரையும் முதல்முறை வாங்குபவராகவே எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் பங்கு விஷயத்தை மறைக்காமல், திட்டத்தை நடத்தும் அலுவலகத்திடமே எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். தரகர் வாயால் சொல்வதை நம்பி உட்கார வேண்டாம்.

உதவி என்றதும் பலரும் கைக்கு வரும் பணத்தை நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி வருவது குறைவு. வட்டியைக் குறைப்பது, வரியிலும் பத்திரக் கட்டணத்திலும் சலுகை தருவது, குறைந்த முன்பணத்துக்கும் (விலையில் நாம் கையிலிருந்து போடும் பங்கு) வங்கிக் கடன் கிடைக்க அரசு உத்தரவாதம் நிற்பது, இப்படித்தான் பெரும்பாலும் இருக்கும். திருப்பிக் கொடுக்க வேண்டிய உதவியும் உண்டு. இங்கிலாந்தில் 2013 முதல் 2023 வரை இருந்த ஒரு திட்டத்தில், லண்டனுக்கு வெளியே புது வீட்டின் விலையில் 20 சதவீதம் வரை அரசு கடனாகத் தந்தது. முதல் 5 வருடம் அதற்கு வட்டி இல்லை. ஆனால் திருப்பிக் கட்டும்போது வாங்கிய தொகையைக் கட்டினால் போதாது, வீட்டின் அன்றைய மதிப்பில் அதே சதவீதத்தைக் கட்ட வேண்டும். வீட்டு விலை ஏறினால் கடனும் ஏறும். எந்தத் திட்டமானாலும் "இதை எப்போது, எவ்வளவு திருப்பித் தர வேண்டும்? வீட்டை விற்றால், வாடகைக்கு விட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டுவிடுங்கள்.

இனி உங்கள் 20 சதவீதம். அதை முழுக்க முன்பணமாக நினைக்காதீர்கள். பதிவுச் செலவு, வக்கீல், மதிப்பீடு, காப்பீடு, குடிபோகும் செலவு எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். பெரும்பாலும் வங்கி இவற்றுக்குக் கடன் தராது. மூன்று மாதத் தவணையையாவது தனியே வைத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் முன்பணம் என்று எண்ணுங்கள்.

தவணையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 9 சதவீத வட்டியில் ஒரு லட்சத்தை 20 வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 900. முதல் மாதம் அதில் 750 வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது 150தான். "தவணை கனமாக இருக்கிறதா? 30 வருடமாக்கிக்கொள்ளுங்கள்" என்பார்கள். அப்போது தவணை 805 ஆகும். மாதம் 95 மிச்சம், ஆனால் மொத்தத்தில் சுமார் 74,000 கூடுதலாகக் கட்டுவீர்கள். ஒரு லட்சத்துக்கே இவ்வளவு! வட்டி மானியம் கிடைத்தால், தவணையைக் குறைக்காமல் கடன் காலத்தைக் குறைக்கச் சொல்லுங்கள் என்பது என் கட்சி.

சரி, வரிசை என்ன? திட்ட அலுவலகத்தின் பதில் வரட்டும். அதற்குள் இரண்டு மூன்று வங்கிகளில் எவ்வளவு கடன் கிடைக்கும் என்று முன் ஒப்புதல் வாங்கிவிடலாம். பிறகு பத்திரங்களை உங்கள் சொந்த வக்கீலிடம் காட்டுங்கள். விற்பவர் கைகாட்டும் வக்கீல் வேண்டாம். அதற்குப் பின் அட்வான்ஸ் கொடுக்கும்போதும், "கடன் கிடைக்காவிட்டால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்" என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அந்த வரியை எழுத விற்பவர் மறுத்தால் வேறு வீடு பாருங்கள்.