துணிமூட்டையும் மேடையும்: வாசகர் கேள்வி–பதில்

அக்கம்பக்கத்தார் சேர்ந்து துணி சேகரித்தும் கலைநிகழ்ச்சி நடத்தியும் நிதி திரட்டுவது பற்றி வந்த கேள்விகளில் ஐந்துக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: எங்கள் பகுதி நூலகத்துக்காகப் பழைய துணி சேகரித்து விற்றோம். 40 மூட்டை வந்தது. பாதிக்கு மேல் விற்க லாயக்கில்லை. அதை அப்புறப்படுத்தவே தனியாகச் செலவாயிற்று. எங்கே தப்பு நடந்தது?

பதில்: அறிவிப்பிலேயே தப்பு நடந்திருக்கிறது. ‘பழைய துணி கொடுங்கள்’ என்று கேட்டால், வீட்டில் கழித்துக்கட்ட நினைத்ததெல்லாம் வந்து சேரத்தான் செய்யும். ‘நாளைக்கே போட்டுக்கொண்டு வெளியே போகக்கூடிய துணி, துவைத்து நன்றாகக் காயவைத்தது’ என்று கேளுங்கள். உள்ளாடை, தலையணை, ஒற்றைச் செருப்பு, ஈரத்துணி வேண்டாம் என்பதையும் அதே எழுத்தளவில் போடுங்கள். அடியில் பொடி எழுத்தில் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள்.

அடுத்தது, வாங்கும் முறை. ஆளில்லாமல் பெட்டி வைத்தால் அது இரண்டே நாளில் குப்பைத்தொட்டியாகிவிடும். ஒரே நாள், மூன்று மணி நேரம், ஒரு மேசை, இரண்டு பேர் போதும். கொடுப்பவர் கிளம்புவதற்குள் மூட்டையைப் பிரித்து, அடிவரை கைவிட்டுப் பாருங்கள். மேலே காய்ந்திருக்கும், நடுவில் ஒரு துண்டு ஈரமாக இருக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டிய அந்த ஒரு துண்டு ஓரிரு நாளில் பையிலுள்ள அத்தனைக்கும் பூஞ்சை நாற்றத்தை ஏற்றிவிடும். வேண்டாததை அங்கேயே திருப்பிக் கொடுப்பதில் கூச்சம் வேண்டாம். அன்றைக்குக் கூச்சப்பட்டால் பிறகு நீங்கள்தான் சுமக்க வேண்டும்.

தரம் பிரிக்கும்போது சட்டையை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இற்றுப்போன இடமும் பூச்சி அரித்த ஓட்டையும் அப்போதுதான் தெரியும். பிறகு காலரின் உட்பக்கம், அக்குள், முழங்கை என்ற வரிசையில் பாருங்கள். ஜிப்பை இரண்டு முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். பைகளைத் துழாவாமல் விடாதீர்கள், சாவியும் பணமும் கிடைக்கும். உருப்படிக்கு அரை நிமிடம் என்றால் 600 உருப்படிக்கு 5 மணி நேரம். நான்கு பேர் உட்கார்ந்தால் ஒன்றே கால் மணி நேரத்தில் முடியும். விற்பனைக்கு, சின்னத் தையல் வேலைக்கு, துடைக்கும் துணிக்கு, மறுசுழற்சிக்கு என்று நான்கு குவியல் போதும். அதற்கு மேல் பிரித்தால் எது எங்கே போகிறதென்றே தெரியாமல் போகும்.

துடைக்கும் துணிக்குப் பருத்தி மட்டுமே ஆகும். பாலியஸ்டர் தண்ணீரை உறிஞ்சாமல் இழுத்துக்கொண்டே போகும். பொத்தானையும் ஜிப்பையும் வெட்டி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் துடைக்கிற பரப்பில் கீறல் விழும். மிச்சத்தை எடைக்கு எடுப்பவர் யார், எந்தத் துணியை எடுப்பார் என்பதைச் சேகரிக்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். உங்களுக்குக் கையைக் கடித்தது அந்த இடத்தில்தான்.

கேள்வி: வந்த துணியில் மூட்டைப்பூச்சி இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. வெயிலில் காயப்போட்டால் போதுமா?

பதில்: போதாது. வெயிலில் மேல்துணி சூடாகும், பூச்சி மடிப்புக்குள் ஒதுங்கிக்கொள்ளும். சந்தேகப்படும் பையைக் கட்டி, மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே வையுங்கள். 60 டிகிரி வெந்நீரில் துவைக்கலாம். அந்தச் சூடு தாங்காத துணியென்றால், உலர்த்தும் இயந்திரத்தில் அது தாங்கும் அதிகச் சூட்டில் அரை மணி நேரம் ஓட்டலாம். இயந்திரத்தை நிறைத்துவிடாதீர்கள், நடுவில் சூடு போய்ச் சேராது. இரண்டுக்கும் வழியில்லை என்றால் அந்தப் பையை வாங்காதீர்கள்.

கேள்வி: கலைநிகழ்ச்சிக்கு நுழைவுச்சீட்டு போடலாமா, இலவசமாக விட்டு உண்டியல் வைக்கலாமா?

பதில்: முதலில் ஒரு கணக்கு. அரங்கம், ஒலிபெருக்கி, அச்சு என்று ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஆகிற செலவு 12,000 என்று வைத்துக்கொள்வோம். சீட்டு 100, தேநீர் முதலானவற்றுக்குத் தலைக்கு 20. ஆக ஒரு சீட்டில் நிற்பது 80. 12,000-ஐ 80-ஆல் வகுத்தால் 150. முதல் 150 பேர் வெறும் செலவைத்தான் கட்டுகிறார்கள், 151-ஆவது ஆளிடமிருந்துதான் நிதி சேரத் தொடங்கும். உங்கள் அரங்கில் 160 இருக்கைதான் என்றால் கிடைப்பது 800. அதற்கு இவ்வளவு பாடு எதற்கு? நிலையான செலவை யாராவது ஒரு கடைக்காரரை ஏற்கச் சொல்லுங்கள், அல்லது அரங்கத்தை இலவசமாகக் கேளுங்கள். அதற்குப் பிறகு சீட்டா உண்டியலா என்பது அவ்வளவு பெரிய கேள்வியில்லை. முன்பே பாதிச் சீட்டாவது விற்றுவிட்டால் தைரியம் என்பதால் எங்கள் ஓட்டு சீட்டுக்கே.

பிறர் பாட்டையோ நாடகத்தையோ மேடையேற்றினால் உரிமையாளரின் அனுமதி வேண்டியிருக்கலாம். நல்ல காரியத்துக்கு என்பதால் மட்டும் அந்த விதி தளராது.

கேள்வி: பிள்ளைகளின் ஓவியங்களை ஏலத்துக்கு வைத்தோம். அவரவர் பெற்றோரைத் தவிர யாரும் கேட்கவில்லை.

பதில்: தனித்தனிப் படத்துக்கு அந்தந்த வீட்டில்தான் கிராக்கி இருக்கும். எல்லாப் பிள்ளைகளும் கைவைத்த ஒரே பொருளை ஏலத்துக்கு வையுங்கள். சேகரிப்பில் மிஞ்சிய துணியிலேயே ஒட்டுத்துணித் திரை செய்யலாம். 12 செ.மீ. சதுரமாக 80 துண்டு வெட்டுங்கள். நான்கு பக்கமும் 1 செ.மீ. தையலுக்குப் போனால் துண்டுக்கு 10 செ.மீ. நிற்கும். வரிசைக்கு 10 துண்டாக 8 வரிசை வைத்தால் 80-க்கு 100 செ.மீ. திரை. வெட்டும் முன் எல்லாவற்றையும் துவைத்துவிடுங்கள், சாயம் போவதும் சுருங்குவதும் அப்போதே முடிந்துவிடும். டி-ஷர்ட் துணியையும் சட்டைத் துணியையும் கலக்க வேண்டாம். ஒன்று இழுபடும், மற்றது இழுபடாது, தையலோரம் சுருங்கி நிற்கும்.

கேட்பவர்கள் தங்கள் விலையை எழுதும் ஏலத்தாளில் ஆரம்ப விலையோடு ஒவ்வொரு முறையும் எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதையும் எழுதுங்கள். கூட்டம் கலைகிற நேரத்தில் முடிக்காமல், அதற்கு அரை மணி முன்பே தாளை மூடிவிடுங்கள்.

கேள்வி: வசூலான பணம் குறைகிறது என்று ஒருவர்மீது ஒருவர் சந்தேகப்படும் நிலை. என்ன செய்ய?

பதில்: தனி ஒருவர் கையில் பணம் எண்ணக் கொடுக்காதீர்கள். எப்போதும் இரண்டு பேர், ஒரே வீட்டுக்காரர்களாக இல்லாமல். தொடக்கத்தில் வைத்த சில்லறையை எழுதிவைத்தீர்களா என்று பாருங்கள். பல சண்டைகளுக்குக் காரணம் அந்தச் சில்லறைதான். வரிசை எண் போட்ட சீட்டில் முதல் எண்ணையும் விற்காமல் மிஞ்சியவற்றில் முதல் எண்ணையும் குறித்து, வித்தியாசத்தை விலையால் பெருக்கிப் பெட்டியோடு ஒப்பிடுங்கள். இலவசச் சீட்டையும் அதில் கழிக்க மறக்காதீர்கள். எண்ணிய தாளில் இருவரும் அங்கேயே கையெழுத்திட வேண்டும். மறுநாள் போடும் கையெழுத்தால் பயனில்லை.